கூடையில் வருவதைச் சமைக்க முடியுமா?

கேள்வி: மடிப்பாக்கத்தில் இருக்கிறோம். எங்கள் தெருவையும் பக்கத்து இரண்டு தெருக்களையும் சேர்ந்த முப்பது குடும்பங்கள் ஒரு காய்கறிக் கூட்டுறவுக் குழு நடத்துகின்றன. மதுராந்தகம் பக்கத்தில் நான்கு விவசாயிகளிடம் நேரடியாக வாங்குகிறார்கள். சேருவதற்கு 1,000 ரூபாய் கட்ட வேண்டும், விலகும்போது திருப்பித் தருவார்களாம். அப்புறம் மாதம் 1,600 ரூபாய் முன்பணம். ஒவ்வொரு சனிக்கிழமை காலையும் ஒரு வீட்டு கார் ஷெட்டில் கூடை தயாராக இருக்கும், ஏறக்குறைய ஆறு கிலோ. என்ன காய் வேண்டும் என்று நாம் சொல்ல முடியாது, அந்த வாரம் அங்கே பறித்ததுதான். மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரண்டு மணி நேரம் எடை போட்டுப் பிரிக்கிற வேலைக்கும் போக வேண்டும். எனக்கு ஆசையாக இருக்கிறது. ஆனால் வாரம் ஆறு கிலோவை என்ன செய்வது என்று கவலையாகவும் இருக்கிறது. என் கணவர், "பத்து நிமிஷத்துல ஆப்புல வருது, இதெல்லாம் எதுக்கு?" என்கிறார். பத்து வயது மகன் உருளைக்கிழங்கையும் கேரட்டையும் தவிர எதையும் தொடமாட்டான். மாமியாருக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை, சிறுநீரகத்துக்காகப் பார்க்கிற கிரியேட்டினின் அளவு போன மாதம் கொஞ்சம் ஏறியிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். இயற்கைக் காய் என்று அவர்கள் சொல்வதை எப்படி நம்புவது? புரட்டாசி என்பதால் வீட்டில் கவிச்சி இல்லை, ஆரம்பிக்க இதுதான் சரியான நேரம் என்று தோன்றுகிறது. சேரலாமா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

சேருங்கள் என்றுதான் சொல்வேன். அதற்கு முன் இரண்டு வேலைகளை முடித்துவிடுங்கள். மாமியாரின் ரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு இருக்கிறது என்று டாக்டரிடம் கேளுங்கள். உங்கள் வீட்டில் அடுப்படியில் நிற்பவர் யாரோ அவருடைய சம்மதத்தையும் வாங்குங்கள். இரண்டுக்கும் காரணத்தைக் கீழே விவரமாக எழுதுகிறேன்.

இதுபோன்ற குழுக்களில் சேருகிறவர்கள் பெரும்பாலும் விஷமில்லாத காய் கிடைக்கும் என்பதற்காகச் சேருகிறார்கள். நல்ல காரணம்தான். ஆனால் உணவியல் ஆலோசகராக எனக்கு முதலில் படுவது வேறு: நம் வீடுகளில் காயே போதவில்லை. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்குக் கீரையும் காய்கறியுமாக 400 கிராமும் அதற்கு மேல் 100 கிராம் பழமும் வேண்டும் என்கிறது. உங்கள் வீட்டில் நான்கு பேர். பையனுக்குக் கொஞ்சம் குறைத்துக்கொண்டாலும் நாளுக்கு ஒன்றரைக் கிலோ, வாரத்துக்குப் பத்துக் கிலோவுக்கு மேல் ஆகிறது. கூடையில் வருகிற ஆறு கிலோவில் தோல், காம்பு, நார் எல்லாம் போக ஐந்து கிலோ தேறினால் அதிகம். தேவையில் பாதி! மகன் சாப்பிடுகிற உருளைக்கிழங்கை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். காய்கறி, பழம் என்று கணக்கிடும்போது உலக சுகாதார நிறுவனம் மாவுக் கிழங்குகளை ஒதுக்கிவிடுகிறது.

ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் போன வாரம் என்னென்ன காய் சமைத்தீர்கள் என்று கேட்பது என் வழக்கம். பெரும்பாலும் கேரட், பீன்ஸ், கோஸ், உருளை என்று நான்கைந்து பெயர்களுக்குள் பதில் முடிந்துவிடும். சாம்பாரில் நாலு துண்டு முருங்கை, பொரியல் என்று தட்டின் ஓரத்தில் ஒரு கரண்டி. வசதியான வீடுகளிலும் இதே கதைதான், அதனால் விலையை மட்டும் குறை சொல்ல முடியவில்லை. இன்றைக்கு என்ன காய் வாங்குவது என்று தினமும் யோசிக்க வேண்டியிருப்பதுதான் பெரிய தடை என்று நினைக்கிறேன். வேலை முடிந்து களைத்து வருகிற மாலையில் யாருக்கும் அந்த யோசனை ஓடாது. தெரிந்த நான்கு காய்களையே கை எடுக்கும், அல்லது தயிர் சாதத்தோடு ஊறுகாய் போதும் என்று விட்டுவிடுவோம். கூட்டுறவுக் கூடை இந்த இடத்தில்தான் உதவுகிறது. பணம் கட்டியாயிற்று, காய் வீட்டுக்குள் வந்தாயிற்று, சமைக்காவிட்டால் வாடிவிடும். நீங்களாகப் போய் ஒருபோதும் வாங்கியிருக்காத கொத்தவரையும் பீர்க்கங்காயும் தட்டுக்கு வந்துவிடும்.

என்ன காய் வரும் என்பதை முன்கூட்டியே ஓரளவு தெரிந்துகொள்ள முடியும். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று சொல்லி விதைத்த வெண்டை, கொத்தவரை, புடலை, பீர்க்கு, பாகல் எல்லாம் இப்போது புரட்டாசியில் காய்த்துக்கொண்டிருக்கும். அடுத்த மாதம் வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் செங்கல்பட்டு மாவட்டத்தில் கீரை அழுகும், பூ உதிரும், வயலுக்குள் கால் வைக்க முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் கூடை மெலியும். வாழைக்காய், வாழைத்தண்டு, சேனை, பரங்கி என்று மழையைத் தாங்குகிறவைதான் வரும். மார்கழி பிறந்ததும் நிலைமை மாறும். ஆடியில் போட்ட அவரை, பகல் குறுகிய பிறகே பூக்கிற பயிர். அது காய்க்கத் தொடங்கும்போது மொச்சையும் கூடவே வரும், கத்தரியும் தக்காளியும் நன்றாகக் காய்க்கும். தையில் சர்க்கரைவள்ளி, சிறுகிழங்கு, கருணை. மாசி, பங்குனியிலிருந்து முருங்கை கொட்டும். மார்கழியில் மார்க்கெட்டில் விலை கேட்டுவிட்டுத் திரும்பி வந்த அதே முருங்கைதான். சித்திரை, வைகாசியில் வெள்ளரி, சுரை, பூசணி, மாங்காய்.

கேரட், பீன்ஸ், பீட்ரூட் இந்தக் கூடையில் அநேகமாக வராது. அவை நீலகிரி, ஓசூர், கர்நாடகப் பக்கத்துக் குளிருக்கு விளைகிறவை. அவற்றை வெளியே வாங்கிக்கொள்ளுங்கள். வெங்காயம், உருளை, இஞ்சி, பூண்டும் அப்படியே. கூட்டுறவில் சேர்ந்துவிட்டோம் என்பதற்காக வேறு எங்கும் வாங்கக் கூடாது என்று விரதம் இருக்க வேண்டியதில்லை. உங்கள் கணவரிடமும் இதையே சொல்லுங்கள். ஆப் இருக்கட்டும், அவசரத்துக்கு வேண்டியதுதான். அந்தத் திரையில் கேரட்டும் பீன்ஸும் எப்போதும் முதல் வரிசையில் இருக்கும், நம் விரலும் அங்கேயே போகும். இந்தக் கூடை வேறு காய்களைக் கொண்டுவரும். அவ்வளவுதான் வாதம், சண்டை வேண்டாம்.

அடுப்படி விஷயத்துக்கு வருகிறேன். இப்படிப்பட்ட குழுவிலிருந்து விலகுகிற குடும்பங்களில் விலைக்காக விலகுகிறவர்களைவிட, வாடிய கீரையைக் குப்பையில் போட மனம் கேட்காமல் விலகுகிறவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். உங்கள் கடிதத்தில் சமையல் யார் என்று இல்லை. நீங்களும் மாமியாரும் மாறி மாறிச் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். என்ன சமைப்பது என்று முடிவு செய்துவிட்டுக் காய் வாங்கும் பழக்கத்தை விட்டு, காயைப் பார்த்த பிறகு முடிவு செய்யும் பழக்கத்துக்கு வீடு மாற வேண்டும். உங்கள் மாமியார் தலைமுறைக்கு இது புதிதே இல்லை. கொல்லையிலும் சந்தையிலும் கிடைத்ததை வைத்துக் குழம்பு கூட்டியவர்கள். கூடை வந்ததும் முதலில் அவர் முன்னால் வைத்து, "அத்தை, இதுல என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். சிறுகிழங்கை எப்படித் தோல் நீக்குவது, வாழைப்பூவில் கள்ளனை எப்படி எடுப்பது, கருணையின் அரிப்பைப் புளி சேர்த்து எப்படிப் போக்குவது என்று அவர் கைக்குத் தெரிந்தது ஏராளமாக இருக்கும்.

எதை முதலில் சமைப்பது என்பதில் ஓர் ஒழுங்கு இருந்தால் எதுவும் வீணாகாது. சனி, ஞாயிறு இரண்டு நாளில் கீரையைத் தீர்த்துவிடுங்கள். பறித்த கீரையை வெளியே வைத்திருந்தால் வைட்டமின் சி ஒரே நாளில் கணிசமாகக் குறைந்துவிடும், வாடல் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே இது நடக்கிறது. உடனே சமைக்க முடியாவிட்டால் வேரை நறுக்கிவிட்டு, கழுவாமல், மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். செய்தித்தாளில் சுற்ற வேண்டாம், அச்சு மை உணவில் படக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே எச்சரித்திருக்கிறது. திங்கள், செவ்வாயில் வெண்டை, கத்தரி, பாகல், அவரை. வெண்டையை ஈரம் போகத் துடைத்து வைத்தால் கொழகொழக்காது. கத்தரியும் வெள்ளரியும் கடுங்குளிருக்கு ஆகாதவை. குளிர் அதிகம் அடிக்கிற மேல் தட்டில் வைத்தால் கத்தரியின் தோல் குழிந்து பழுப்புப் புள்ளி விழும், கீழ் டிரேயில் வையுங்கள். தக்காளி நன்றாகப் பழுக்கும்வரை வெளியே கூடையில் இருப்பதுதான் ருசி. புதன், வியாழனுக்குப் புடலை, பீர்க்கு, சுரை. வார இறுதிக்கு வாழைக்காய், பரங்கி, கிழங்கு. வெட்டாத பரங்கியும் பூசணியும் வாரக்கணக்கில் கெடாமல் இருக்கும் என்பதால் அவை வருகிற வாரம் உங்களுக்கு நிம்மதியான வாரம்.

ஒரே காய் ஒரு கிலோவுக்கு மேல் வந்துவிடுகிற வாரங்களும் உண்டு. பீர்க்கங்காய் என்றால் சதையைக் கூட்டாக்கி, தோலைத் துவையலாக அரையுங்கள். மிச்சமாகிற கத்தரி, கொத்தவரையைப் பங்குனி, சித்திரை வெயிலில் வற்றல் போடலாம். ஆனால் வற்றல் என்றால் உப்பு. உங்கள் மாமியாருக்கு அது வேண்டாம். அண்டை வீட்டோடு மாற்றிக்கொள்வது இதைவிட எளிது. நிறைய குழுக்களில் பிரிக்கிற இடத்திலேயே ஒரு மாற்றுக் கூடை வைத்திருப்பார்கள், உங்களுக்கு வேண்டாத பாகற்காயை அதில் போட்டுவிட்டு வேறு காயை எடுத்துக்கொள்ளலாம். உங்கள் குழுவில் அப்படி இல்லையென்றால் நீங்களே சொல்லி ஆரம்பித்து வையுங்கள்.

இனி மாமியார். இதைக் கவனமாகப் படியுங்கள். கிரியேட்டினின் ஏறியிருக்கிறது என்றதும் நம் ஊரில் கீரையை நிறுத்து, காயை நிறுத்து என்று எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறார்கள். தட்டில் வெள்ளைச் சோறும் ரசமும் மட்டும் மிஞ்சுகிறது, சர்க்கரை இன்னும் ஏறுகிறது, சிறுநீரகத்துக்கு அது இன்னும் கேடு. காயிலும் கீரையிலும் இருக்கிற பொட்டாசியத்தைச் சிறுநீரகம் சரியாக வெளியேற்றாவிட்டால் அது ரத்தத்தில் தேங்கும், பயம் அதனால்தான். ஆனால் சிறுநீரகப் பாதிப்பின் ஆரம்ப நிலையில் இருக்கிற எல்லோருக்கும் பொட்டாசியக் கட்டுப்பாடு தேவைப்படுவதில்லை. ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் பொதுவாக 3.5 முதல் 5 வரை இருக்கலாம். ஆய்வகத்துக்கு ஆய்வகம் இது சற்று மாறும். அந்த எல்லைக்குள் இருந்து, டாக்டரும் குறைக்கச் சொல்லவில்லை என்றால் கூடையில் வருவதை அவரும் சாப்பிடலாம். அளவு மட்டும் மிதமாக இருக்கட்டும். சிறுநீரகம் எவ்வளவு நன்றாக வடிகட்டுகிறது என்று காட்டும் இஜிஎஃப்ஆர் அளவையும், சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் போகிறதா என்பதையும் அதே சமயத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் சாப்பிடுகிற ரத்த அழுத்த மாத்திரையின் பெயரையும் சொல்லுங்கள். டெல்மிசார்டன் போன்ற மாத்திரைகள் நல்ல மருந்துகள்தான், ஆனால் பொட்டாசியத்தைக் கொஞ்சம் ஏற்றக் கூடியவை.

பொட்டாசியம் கூடியிருக்கிறது, குறையுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டால் அப்போதும் கூடையை விட வேண்டாம், பங்கீட்டை மாற்றினால் போதும். சுரை, புடலை, பீர்க்கு, கோஸ், வெள்ளரி அவருக்கு. முருங்கைக்கீரை, கிழங்குகள், வாழைப்பூ, வாழைத்தண்டு உங்கள் மூவருக்கு. சிறுநீரகத்துக்கு நல்லது என்று யாராவது வாழைத்தண்டுச் சாறு குடிக்கச் சொன்னால் கேட்காதீர்கள், பொட்டாசியம் கூடியவருக்கு அது ஆகாது. அவருக்கான காயைச் சிறிதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தாளிக்கலாம். வெந்த தண்ணீரை வீணாக்காமல் ரசத்தில் சேர்க்கிற நல்ல வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், அந்த ரசம் அவருக்கு வேண்டாம். குறைந்த சோடியம் உப்பு என்று கடையில் விற்பதையும் டாக்டரைக் கேட்காமல் வாங்கிவிடாதீர்கள். அதில் சோடியத்தின் இடத்தில் பொட்டாசியத்தைத்தான் சேர்த்திருப்பார்கள். இன்னொன்று, இந்தக் குழுக்களில் உறுப்பினர்கள் தங்கள் வீட்டு மரத்துப் பழங்களையும் அன்போடு கொண்டுவந்து வைப்பார்கள். அதில் நட்சத்திரப் பழம் இருந்தால் மாமியாருக்கு ஒரு துண்டுகூடத் தர வேண்டாம். சிறுநீரகம் பலவீனமாக இருப்பவர்களுக்கு அது உண்மையிலேயே ஆபத்தானது. சர்க்கரைவள்ளியும் சிறுகிழங்கும் வருகிற தை மாதத்தில், அவர் கிழங்கு சாப்பிடுகிற வேளையில் சோற்றைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

இந்தப் பதிலைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற மாத்திரை எடுப்பவர்கள் வீட்டில் இருந்தால், கூடை வருகிறது என்பதற்காகக் கீரையைத் திடீரென்று கூட்டிவிடக் கூடாது. கீரையின் வைட்டமின் கே அந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும். வாரா வாரம் ஒரே அளவில் சாப்பிடுவதும், மாற்றுவதானால் டாக்டரிடம் சொல்லிவிட்டு மாற்றுவதும்தான் சரி.

மகனைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். புதிய காயைக் குழந்தைகள் முதல் தடவையே ஏற்றுக்கொள்வது அபூர்வம். எட்டு, பத்துத் தடவை தட்டில் பார்த்த பிறகுதான் பலர் வாயில் வைக்கிறார்கள். கெஞ்சலும் மிரட்டலும் இல்லாமல் ஒரு ஸ்பூன் வைத்துவிட்டு நீங்கள் பாட்டுக்குச் சாப்பிடுங்கள். வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள், அடுத்த வாரம் மறுபடி வையுங்கள். காயை அரைத்து மாவில் மறைக்கிற வித்தை எனக்கு உடன்பாடில்லை. மறைத்துக் கொடுத்த காயைப் பிள்ளை பழகிக்கொள்வதில்லை. உங்கள் முறை வருகிற சனிக்கிழமை அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள். பத்து வயதுப் பையனுக்குத் தராசில் எடை போடுவது பிடிக்கும், முப்பது கூடைக்கும் வெண்டைக்காயைப் பங்கு பிரித்தவன் வீட்டுக்கு வந்து அதில் ஒன்றையாவது கடித்துப் பார்ப்பான்.

காசு கொடுத்துவிட்டு வேலையும் செய்ய வேண்டுமா என்ற கேள்வி உங்கள் கணவருக்கும் வரலாம். கூட்டுறவு என்பதே அப்படித்தான் வளர்ந்திருக்கிறது. நியூயார்க்கின் புரூக்ளினில் 1973-ல் தொடங்கிய பார்க் ஸ்லோப் உணவுக் கூட்டுறவுக் கடையில் இன்றும் உறுப்பினர்கள்தான் பொருள் வாங்க முடியும், உறுப்பினர் என்றால் முறைவைத்து வேலையும் செய்தாக வேண்டும். ஜப்பானில் செய்கட்சு கிளப் என்ற பெரிய கூட்டுறவு, 1965-ல் டோக்கியோ இல்லத்தரசிகள் சேர்ந்து மொத்தமாகப் பால் வாங்கியதில் ஆரம்பித்தது. நம் சென்னையிலேயே திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் 1904-ல் தொடங்கியது. டி.யு.சி.எஸ். என்று சொன்னால் உங்கள் மாமியாருக்குத் தெரிந்திருக்கும். எடை போடுகிற கூலியும் வாடகையும் மிச்சமானால் அந்தப் பணம் விவசாயிக்குப் போகும், அல்லது உங்கள் கூடையில் காயாக வரும். எனக்கு இதில் இன்னொரு ஆதாயமும் தெரிகிறது. கூடையில் என்ன வருகிறது, எது சொத்தை, எது எங்கிருந்து வந்தது என்பதெல்லாம் பிரிக்கிற இடத்தில் நிற்பவருக்கே தெரியும்.

விலையை வாரக் கணக்கில் ஒப்பிட வேண்டாம். மாதம் 1,600 ரூபாய்க்கு 24 கிலோ என்றால் கிலோ 67 ரூபாய் வருகிறது. தள்ளுவண்டியில் சுரைக்காயும் பூசணியும் இதைவிட மலிவாகக் கிடைக்கிற வாரங்கள் நிறைய இருக்கும், அப்போது ஏமாந்துவிட்டோமோ என்று தோன்றும். 2023 ஜூலையையும் நினைத்துப் பாருங்கள். சென்னையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டிப் போய், அரசாங்கமே பண்ணைப் பசுமைக் கடைகளிலும் ரேஷன் கடைகளிலும் 60 ரூபாய்க்கு விற்க வேண்டி வந்தது. ஒரு வருடத்துக் கணக்கைப் பார்த்தால்தான் நியாயம் தெரியும். வெளிச் சந்தையில் நாம் கொடுக்கிற பணம் எங்கே போகிறது என்பதையும் பாருங்கள். நுகர்வோர் தக்காளிக்குக் கொடுக்கிற ஒரு ரூபாயில் விவசாயிக்குச் சேருவது ஏறக்குறைய 33 பைசாதான் என்று ரிசர்வ் வங்கி 2024-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை ஒன்று சொல்கிறது. உங்கள் 67 ரூபாயில் விவசாயிக்கு எவ்வளவு, வேன் வாடகைக்கு எவ்வளவு, கழிவுக்கு எவ்வளவு என்று குழுவினரிடம் நேராகக் கேளுங்கள். தயங்காமல் பதில் வந்தால் அது நல்ல குழு.

பணம் யார் கணக்கில் இருக்கிறது என்பதையும் கேளுங்கள். தெருவளவில் நடக்கிற குழுக்கள் பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தில் பதிவு செய்யாதவை, பரஸ்பர நம்பிக்கையில் நடக்கிறவை. அது தப்பில்லை. ஆனால் நீங்கள் கட்டுகிற 1,000 ரூபாய்க்கு எழுத்தில் ரசீது வேண்டும், மாதக் கணக்கு குழுவில் எல்லோர் பார்வைக்கும் வர வேண்டும், ஊருக்குப் போகிற வாரம் கூடையை என்ன செய்வது என்பதற்கும் விலகுவதற்கும் விதி இருக்க வேண்டும். வெள்ளத்தில் விளைச்சல் போனால் முன்பணம் விவசாயியோடு நிற்குமா, அடுத்த மாதத்துக்குக் கழியுமா என்பதையும் சேரும்போதே பேசிவிடுவது நல்லது. என்னைக் கேட்டால், ஓரளவாவது விவசாயியோடு நிற்பதுதான் நியாயம். நல்ல காலத்தில் மட்டும் கூட நிற்பதற்குக் கடையே போதுமே.

இயற்கைக் காய்தானா என்று கேட்டிருந்தீர்கள். நன்றாகக் கழுவினால் மேல்தோலில் படிந்திருக்கும் மருந்து ஓரளவு போகும். செடிக்குள் ஊடுருவிப் போகிற வகை மருந்து கழுவினாலும் போகாது. அதனால் எங்கே, யார், எப்படி விளைவித்தது என்று தெரிந்துகொள்வதுதான் வழி. மத்திய அரசின் பி.ஜி.எஸ். இந்தியா திட்டத்தில் பக்கத்துப் பக்கத்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை ஒருவர் சோதித்துச் சான்று தருகிறார்கள், உங்கள் விவசாயிகள் அதில் இருக்கிறார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் அதற்காகவே ஒதுக்கிவிட வேண்டாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலைந்து குடும்பமாக மதுராந்தகம் போய்ப் பாருங்கள். கத்தரிக்கு என்ன அடித்தீர்கள் என்று கேளுங்கள். கத்தரியில் தண்டையும் காயையும் துளைக்கிற புழுதான் அதிக மருந்து தெளிக்க வைக்கிற எதிரி. "வேப்பங்கொட்டைக் கரைசல் அடிச்சோம், அப்படியும் பாதிக்காய் சொத்தையாப் போச்சு" என்று சொல்கிற விவசாயியை நான் நம்புவேன். எந்தப் பூச்சியும் வருவதில்லை என்று சொல்கிறவரிடம் இன்னும் நாலு கேள்வி கேட்பேன்.

இன்னொரு சோதனை உங்கள் கூடையிலேயே நடக்கும். கார்த்திகை அடைமழையிலும் ஒரு வாரம்கூடத் தவறாமல் கட்டுக் கட்டாகக் கீரை, பளபளவென்று தக்காளி, நடுவில் காலிஃபிளவர் என்று வந்துகொண்டே இருந்தால், அது மதுராந்தகத்திலிருந்து வருகிறதா கோயம்பேட்டிலிருந்து வருகிறதா என்று விசாரியுங்கள். மழையில் மெலிகிற கூடைதான் உண்மையான கூடை. கோயம்பேட்டில் வாங்கிச் சேர்ப்பதிலும் குற்றமில்லை, அதைச் சொல்லிவிட்டுச் சேர்க்க வேண்டும்.

புரட்டாசியில் ஆரம்பிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆரம்பியுங்கள். கவிச்சி இல்லாத மாதம் என்பதால் வீட்டில் காய் கூடுதலாகச் செலவாகும், ஆடிப்பட்டத்து விளைச்சலும் இப்போது கைக்கு வருகிறது. ஆனால் அடுத்த இரண்டு மாதங்கள்தான் வருடத்திலேயே மோசமானவை என்பதைத் தெரிந்துகொண்டு சேருங்கள். ஐப்பசியில் நாலு வாழைக்காயும் ஒரு துண்டுச் சேனையும் வந்ததைப் பார்த்துவிட்டு உங்கள் கணவர் ஏதாவது சொல்லக்கூடும். அவரைக்காயும் மொச்சையும் வரும் வரை, தை முடியும்வரை இருந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஒத்துவரவில்லை என்றால் பக்கத்து உழவர் சந்தைக்கு வாரம் ஒரு முறை காலையிலேயே போய், பெயர் தெரியாத ஒரு காயையாவது வாங்கி வருவதும் நல்ல வழிதான். விலகுவதானால் ஒரு மாதம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். விவசாயி உங்கள் கூடையையும் கணக்கில் வைத்துத்தான் பாத்தி பிடித்திருப்பார்.